ஒரு ஸ்பேனர் கூடுதல்

என் மனைவியை மருத்துவமனையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கணக்கு சிஸ்டர் என்றால்தான் தெரியும். வாசலில் நிற்கும் காவலாளியிலிருந்து கத்தி பிடிக்கும் பெரிய டாக்டர் வரைக்கும் அவள் கணக்கு சிஸ்டர்தான். பள்ளிக்கூடத்தில் அவள் கணக்குப் பாடத்தில் எவ்வளவு வாங்கினாள் என்பதை இங்கே சொன்னால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. இது வேறு கணக்கு.

இருபத்திரண்டு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறாள். ஆபரேஷன் தொடங்குவதற்கு முன்னால் மேசையில் இருக்கிற கத்தரி, இடுக்கி, ஊசி, ரத்தம் ஒற்றும் துணி என்று எல்லாவற்றையும் வாய்விட்டு எண்ணிப் பலகையில் எழுத வேண்டும். வயிற்றை மூடும் முன் மறுபடி எண்ண வேண்டும். தைத்து முடித்ததும் இன்னொரு முறை. மூன்று எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் நோயாளி வெளியே வருவார். ஒன்று குறைந்தால் அது எங்கே இருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

ஒருநாள் பெரிய டாக்டர் தைப்பதற்குக் கையை நீட்டியபோது, “ஒரு துணி குறையுது சார்” என்றிருக்கிறாள். அவருக்கு அடுத்த கேஸுக்கு நேரமாகிவிட்டது. கத்து கத்தென்று கத்தினார். இவள் நூலையும் ஊசியையும் கையில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். இருபது நிமிடம் தேடினார்கள். கடைசியில் அது அவருடைய செருப்புக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் எரிச்சலில் வைத்த பெயர்தான் கணக்கு சிஸ்டர். நாளாக ஆக அதுவே மரியாதைப் பெயராகிவிட்டது.

வீட்டிலும் இதே கூத்துதான். கொடியில் போட்ட துணியை எண்ணித்தான் எடுப்பாள். விருந்தாளிகள் செருப்பு மாட்டிக்கொள்வதற்குள் கரண்டிகளை எண்ணி முடித்துவிடுவாள். சந்தேகமெல்லாம் இல்லை, கைப்பழக்கம். ஆனால் அதை என் அக்காவிடம் யார் போய்ச் சொல்வது?

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். அதற்கு மேல் என் கைகளுக்கு ஒன்றும் தெரியாது. நான் பல்ப் மாற்றினால் ஃபியூஸ் போய்விடும். கார் ஓட்டவும் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மட்டும் போடுவேன். கார் அவளுடையது. அவள் சம்பாதித்து, அவளே கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. அவசர அழைப்புப் பட்டியலில் பெயர் இருந்தால், ஃபோன் வந்த இருபது நிமிடத்தில் தியேட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது அவர்கள் மருத்துவமனையின் சட்டம். அதற்காகத்தான் அந்த கார்.

அந்த கார்தான் ஒரு வியாழக்கிழமை மதியம் காலை வாரிவிட்டது. குடல்வால் வெடித்த கேஸ் என்று ஃபோன் வந்தது. இவள் ஓடிப்போய்ச் சாவியைத் திருகினாள். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வாடகை வண்டி பிடித்து, அது ஒரு சிக்னலில் மாட்டி, இவள் போய்ச் சேர்ந்தபோது நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு சிஸ்டரை வைத்துக்கொண்டு பெரிய டாக்டர் தனியாகச் சமாளித்திருந்தார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேட்ரன் பதிவேட்டில் சிவப்பு மையால் குறிப்பு எழுதிவிட்டார்.

“திங்கட்கிழமை நாலு மணிக்குள்ள எழுத்துல விளக்கம் வேணும்,” என்று சொல்லியிருக்கிறார். “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க ஓ.பி.க்குப் போயிடுங்க. அங்க உங்கள யாரும் அவசரமாக் கூப்பிட மாட்டாங்க.”

ஓ.பி. என்றால் வெளிநோயாளிகள் பிரிவு. டோக்கன் கொடுப்பது, எடை பார்ப்பது, வரிசையில் நிற்கச் சொல்வது. அதுவும் வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடம் தியேட்டரில் நின்றவளை அங்கே அனுப்புவது, ஓடுகிற குதிரையைக் கொண்டுபோய் மரத்தில் கட்டுவது மாதிரி. அன்று வீட்டுக்கு வந்தவள் கொடியிலிருந்த துணிகளை வாரிச் சுருட்டிக் கட்டில்மேல் போட்டாள். எண்ணவில்லை. அவள் அழுதிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அடுத்த அழைப்பு முறை ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்குகிறது. அதற்குள் கார் ஓட வேண்டும். வெள்ளிக்கிழமை காலையிலேயே கார் வாங்கிய டீலருக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

“பேட்டரி போயிடுச்சு மேடம். உங்க மாடலுக்கு கம்பெனி பேட்டரிதான் போடணும்,” என்றார் சர்வீஸ் அட்வைசர். “வெளில வாங்கிப் போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. வண்டிய இழுத்துட்டு வர்றதுக்கு நாங்களே ஆள் அனுப்புவோம், அதுக்குத் தனி சார்ஜ். செவ்வாய்க்கிழமைதான் இடம் இருக்கு.”

“இந்த பேட்டரியே நீங்க போட்டதுதானே? இருபது மாசம்தான் ஆகுது. மூணு வருஷ வாரண்டி கார்டு என் கையில இருக்கு.”

“வாரண்டி தயாரிப்புக் குறைக்குத்தான் மேடம். நீங்க வீட்ல இருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரில இருந்து வீடு, அவ்வளவுதானே ஓட்டுறீங்க? அதுல சார்ஜே ஏறாது. லேடீஸ் வண்டிகள்ல இது சகஜம் மேடம். யூசேஜ் ப்ராப்ளம்.”

பிறகு விலையைச் சொன்னார். நான் உட்கார்ந்திருந்ததால் விழாமல் தப்பித்தேன். அவள் காதில் விலை விழுந்ததாகவே தெரியவில்லை. ஃபோனை வைத்துவிட்டு அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யூசேஜ் ப்ராப்ளமாம்,” என்றாள். “அப்போ வியாழக்கிழமை லேட்டானது என் தப்புதான்னு சொல்றாங்க. விளக்கத்துலயும் அதைத்தான் எழுதணும்போல.”

எனக்கு அந்த அட்வைசரின் கழுத்து டையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. டை கட்டியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பின்னால் நேரில் பார்த்தபோது கட்டித்தான் இருந்தார்.

சனிக்கிழமை மாலை கடைத்தெருவில் இருக்கும் ஒரு பேட்டரிக் கடைக்குப் போனோம். அதே அளவு, அதே சக்தி, அதே மூன்று வருட வாரண்டி. விலை டீலர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் மாட்டிக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடையாது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

“இத நானே மாத்தலாமா?” என்று கேட்டாள்.

கடைக்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அதான் சார் இருக்காரே.”

“சார் இருக்காரு. நான் மாத்தலாமான்னு கேட்டேன்.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, காட்சிக்கு வைத்திருந்த பேட்டரியிலேயே கையைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தார். டாக்டர் ஃபோனில் சொல்லும் மருந்தைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்கிற மாதிரி இவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள்.

“கழட்டும்போது கருப்பு ஒயர் மொதல்ல, செவப்பு அடுத்து. மாட்டும்போது செவப்பு மொதல்ல, கருப்பு கடைசி. ஸ்பேனர் ரெண்டு முனையையும் ஒண்ணாத் தொடக்கூடாது. சரியா?”

“சரிதாம்மா.”

“கம்ப்யூட்டர் ஏத்துக்காதுன்னு சொன்னாங்களே?”

“உங்க வண்டில கடிகாரமும் ரேடியோவும் மறந்துபோகும். டைம் திருப்பி வெச்சுக்குங்க. அதுக்குத்தான் அவங்க கம்ப்யூட்டர்னு பேர் வெச்சிருக்காங்க.”

பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று, பதிமூன்றாம் நம்பர் ஒன்று, ஒரு கம்பி பிரஷ், எல்லாம் அங்கேயே வாங்கினோம். வாழ்க்கையில் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குள் ஸ்பேனர் நுழைந்தது. செய்தி எப்படியோ அவள் தம்பிக்குப் போய்விட்டது. மறுநாள் விடிந்ததும் எனக்கு ஃபோன்.

“மாமா, அக்காவ அதுல கை வைக்க விடாதீங்க. வீடியோல பாத்தேன், வெடிக்குமாம்.”

“வெடிச்சா உனக்குத்தான் மொதல்ல ஃபோன் பண்ணுவேன் மாப்ளே,” என்று வைத்துவிட்டேன்.

ஒன்பதரை மணிக்கு எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்துமிடத்தில், தரையைப் பெருக்கி ஒரு சலவைப் போர்வையை விரித்தாள். ரப்பர் கையுறை, கண்ணாடி. தலைமுடியைத் துணி வைத்துக் கட்டிக்கொண்டாள். பக்கத்துத் தூணில் என் பழைய மெய்ப்புத் தாள் ஒன்றைப் பின்பக்கம் தெரிகிற மாதிரி ஒட்டி, என் கையில் பேனாவைக் கொடுத்தாள்.

“நீங்க வெளி ஆள், தியேட்டர்ல மேசைக்கு வெளிய நிக்கற சிஸ்டர் மாதிரி. நான் கேக்கறத எடுத்துக் குடுக்கணும். எண்ணி எழுதணும். வாயால சொல்லித்தான் எழுதணும். புரிஞ்சுதா?”

“ஏம்மா, பேட்டரிதானே மாத்தறோம்? ஆபரேஷனா பண்றோம்?”

“ஸ்பேனர் ரெண்டு,” என்றாள், நான் பேசியதே காதில் விழாத மாதிரி. “பிரஷ் ஒண்ணு. துணி நாலு. சொல்லுங்க.”

சொன்னேன். எழுதினேன். மாடிக்குப் போகிற இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்கு அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது.

கருப்பு ஒயர் கழன்றது. சிவப்பு கழன்றது. பேட்டரியைப் பிடித்திருந்த பட்டையின் நட்டு இரண்டும் துருவேறிப்போய் அடம்பிடித்தன. அவள் ஸ்பேனரைப் போட்டு, காலை ஊன்றி, உடம்பு முழுவதையும் சாய்த்தாள். எலும்பு வைத்தியர்களோடு நின்று பழகிய கை. கிரீச் என்றது, வந்துவிட்டது.

“நட்டு ரெண்டு, பட்டை ஒண்ணு. எழுதுங்க.”

இரண்டு பேருமாகப் பேட்டரியைத் தூக்கி, துணி துவைக்கிற டப்புக்குள் இறக்கினோம். குட்டி யானை கனம். என் இடுப்பு அடுத்த நான்கு நாளைக்கு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. பேட்டரி இருந்த தட்டில் வெள்ளையாகப் பொடி பூத்து, அடை அடையாகக் கட்டிக் கிடந்தது. அவள் வெந்நீரில் சமையல் சோடாவைக் கலக்கி என்னிடம் கொடுத்தாள்.

“நான் ஒயர் முனையச் சுத்தம் பண்றேன். நீங்க இந்தத் தட்ட நல்லாத் தேய்ச்சு விடுங்க. கையுறை போட்டுக்குங்க.”

எனக்கும் ஒரு வேலை கிடைத்த சந்தோஷத்தில் தேய்த்தேன். ஊற்ற ஊற்ற நுரைத்துக்கொண்டு வந்தது. வெள்ளை அடையைச் சுரண்டியபோது உள்ளே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பெயர்த்து எடுத்தால், ஒரு ஸ்பேனர்.

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். நட்டோடு மல்லுக்கட்டியபோது அவள்தான் கை தவறிப் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். கல்யாணமாகி இருபது வருடம் ஆன எவனும் அந்த நேரத்தில், அந்த முகத்தைப் பார்த்து, ‘கீழே போட்டுட்டியே’ என்று சொல்ல மாட்டான். துடைத்து, சத்தமில்லாமல் போர்வையில் வைத்துவிட்டேன். பெண்டாட்டி மானத்தைக் காப்பாற்றிய பெருமை வேறு.

புதிய பேட்டரி உட்கார்ந்தது. பட்டை, நட்டு, சிவப்பு, கருப்பு. ஒவ்வொன்றையும் அசைத்து அசைத்துப் பார்த்தாள். மணி பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிடம். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, “கடைசி எண்ணிக்கை,” என்றாள். “துணி?”

“நாலு.”

“பிரஷ்?”

“ஒண்ணு.”

“ஸ்பேனர்?”

“மூணு.”

கையிலிருந்த சாவி அப்படியே நின்றது. “எத்தனை எழுதியிருக்கு?”

“ரெண்டு.” எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. “விடும்மா, குறைஞ்சாத்தானே பிரச்சினை? கூடத்தானே இருக்கு, லாபம்தான். வண்டிய எடு.”

“கூட இருந்தா மொதல் எண்ணிக்கை தப்புன்னு அர்த்தம். மொதல் எண்ணிக்கையே தப்புன்னா கடைசிய எப்படி நம்பறது? உள்ள இன்னும் என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? சாவியத் திருகினா எதுல போய் மாட்டும்?”

அந்த நேரம் பார்த்து அவள் ஃபோன் அடித்தது. தியேட்டரிலிருந்து. பிரசவ கேஸ், குழந்தையின் நாடித்துடிப்பு இறங்குகிறது, அவசர ஆபரேஷன். “வந்துட்டே இருக்கேன்,” என்று சொல்லி வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. இன்னும் இருபது நிமிடம். அதற்கு மேல் ஆனால் ஓ.பி. அவள் காருக்குள் ஏறவில்லை. போர்வைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து மூன்று ஸ்பேனரையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இதுல ஒண்ணு நம்மளோடது இல்ல. எங்க இருந்து வந்துச்சு?”

அந்தக் கேள்விக்கு முன்னால் பெரிய டாக்டராலேயே நிற்க முடிந்ததில்லை. நான் எம்மாத்திரம்? “தட்டுல இருந்துச்சு. பொடிக்குள்ள. நீ போட்டுட்டேன்னு நெனச்சு…”

“பழைய பேட்டரிக்கு அடியிலயா?”

“ஆமா.”

டார்ச்சை எடுத்து எஞ்சினைச் சுற்றி, தட்டுக்குக் கீழே, இருபுறமும் ஒரு சுற்று அடித்துப் பார்த்தாள். வேறு ஒன்றும் இல்லை. “ரெண்டு நம்மளோடது, ஒண்ணு உள்ள இருந்தது. கணக்கு சரி,” என்றாள். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். ஒரே திருகலில் கார் உறுமியது பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையைத் தட்டிவிட்டேன். மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்த்த இருவரும் சேர்ந்து தட்டினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. ரிவர்ஸ் எடுத்துப் போய்க்கொண்டே இருந்தாள்.

நான் மட்டும் போர்வையோடும் பழைய பேட்டரியோடும் நின்றேன். மனம் உறுத்தியது. அந்த மூன்றாவது ஸ்பேனரை நன்றாகத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் கழுத்தில் டீலர் பணிமனையின் முத்திரையும், பக்கத்தில் 7 என்ற எண்ணும் வெட்டப்பட்டிருந்தன. தப்பைத் தேடியே பழகிய கண் எனக்கு. டப்பிலிருந்த பேட்டரியை மெல்லச் சாய்த்து அடிப்பக்கம் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் ஸ்பேனரின் வடிவம் அப்படியே பள்ளமாகப் பதிந்திருந்தது. ஸ்பேனரை வைத்துப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. பள்ளத்தின் நடுவே மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல், அதைச் சுற்றி வெள்ளைப் பொடி.

இருபது மாதத்துக்கு முன்னால் பேட்டரி மாற்றியபோது அவர்கள் ஸ்பேனரைத் தட்டில் வைத்துவிட்டு, அதன் மேலேயே பேட்டரியை இறக்கி இறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளம் மேட்டிலும் அது குத்திக் குத்தி, அடியில் விரிசல் விழுந்து, அமிலம் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. இவள் எண்ணாமல் இருந்து, நான் மட்டும் சுத்தம் செய்து வாயை மூடிக்கொண்டிருந்தால், அது என்றைக்குமே வெளியே வந்திருக்காது. அதை நினைத்தபோது எனக்கு என்மேலேயே வெட்கமாகவும், அவளை நினைத்து நெஞ்சு விம்மும் அளவுக்குப் பெருமையாகவும் இருந்தது.

நாலு மணிக்கு வந்தாள். “பதினேழு நிமிஷத்துல உள்ள நின்னேன்,” என்றாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே. “பொண்ணு. ரெண்டே முக்கால் கிலோ. நல்லா அழுதுச்சு.”

நான் கீழே கூட்டிப்போய் பேட்டரியைச் சாய்த்துக் காட்டினேன். தரையில் உட்கார்ந்தாள். கையுறை மாட்டிய விரலால் அந்தப் பள்ளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினாள். வியாழக்கிழமையிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

“என் தப்பு இல்லைங்க,” என்றாள். “நான் ஓட்டினதுல ஒண்ணும் தப்பு இல்ல.”

திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை. காலை ஒன்பது மணிக்கு டீலர் கடையின் பளபளக்கும் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு, டப்பில் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு இருவரும் நுழைந்தோம். அட்வைசர் எங்களைப் பார்த்ததும், “வெளில பேட்டரி வாங்கிட்டீங்களா மேடம்?” என்று ஒரு மாதிரி சிரித்தார். அவள் ஸ்பேனரைப் பள்ளத்தில் வைத்துக் காட்டினாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மேலாளரைக் கூப்பிட ஓடினார்.

மேலாளர் நாசூக்கான மனிதர். பார்த்தார், நெற்றியைத் துடைத்தார். “மேடம், பழைய பேட்டரி காசு முழுசும் திருப்பித் தர்றோம். ஒரு வருஷத்துக்கு சர்வீஸ் ஃப்ரீ. காபி சாப்பிடுறீங்களா?”

“காசு குடுக்கறது உங்க இஷ்டம். எனக்கு ஒரு லெட்டர் வேணும். பேட்டரி ஏன் போச்சுன்னு, உங்க கடைப் பேர்ல, உங்க கையெழுத்தோட.”

“லெட்டரெல்லாம் எங்க பாலிசில கிடையாது மேடம். வேணும்னா ரெண்டு வருஷம் ஃப்ரீ சர்வீஸ்…”

“லெட்டர் கிடைக்கற வரைக்கும் இங்கதான் இருப்பேன். இன்னிக்கு எனக்கு லீவு,” என்று சொல்லி, வாடிக்கையாளர் சோபாவில் உட்கார்ந்து, பேட்டரியைக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

இந்த நேரத்துக்குள் செய்தி பணிமனைக்குள் போயிருக்க வேண்டும். எண்ணெய்க் கறை படிந்த உடையோடு, நரைத்த மீசையுடன் ஒரு மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

“இங்க ஆளுக்கு ஒரு நம்பர், ஏழாம் நம்பர் என்னோடதும்மா,” என்றார். “அன்னிக்கு ஒரே நாள்ல பதினாலு வண்டி. காணாமப் போச்சுன்னு சம்பளத்துலகூடப் பிடிச்சாங்க. இதுக்குள்ள போயிருக்கும்னு சத்தியமாத் தெரியாது. உங்களுக்கு லெட்டர்தானே வேணும்? நான் எழுதி கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

மேலாளரின் முகம் உடனே தெளிந்தது. அவருக்கு அது சௌகரியம். எனக்கும், உண்மையைச் சொன்னால், வேலை முடிந்ததே என்றுதான் தோன்றியது. விளக்கம் கொடுக்கக் கெடு நாலு மணி. ஆனால் அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

“நீங்க எழுத வேண்டாம்ணா. எங்க தியேட்டர்ல ஒண்ணு உள்ள தங்கிடுச்சுன்னா அது ஒருத்தர் தப்பு இல்ல. எண்ணுறதுக்கு அங்க ஆள் வைக்கலன்னு அர்த்தம். ஒரு நாளைக்குப் பதினாலு வண்டியக் குடுத்தது யாரோ, அவங்க எழுதட்டும்.”

அந்த மனிதர் அவளை ஒரு கணம் பார்த்தார். தலையைக் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போனார்.

உட்கார்ந்திருந்தோம். புதிய கார் பார்க்க வந்தவர்களெல்லாம் சோபாவில் வந்து உட்கார்ந்தார்கள். நல்ல சோபாவுக்கு முன்னால் துணி துவைக்கும் டப்பில் ஒரு பேட்டரி இருந்தால் யார்தான் கேட்க மாட்டார்கள்? கேட்டவர்களுக்கு மட்டும் அவள் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை. ஸ்பேனரை எடுத்துப் பள்ளத்தில் வைத்துக் காட்டினாள், எடுத்துக்கொண்டாள். பதினோரு மணிக்கு ஒரு தம்பதி, கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டு, “வீட்ல பேசிட்டு வர்றோம்,” என்று எழுந்து போனார்கள். பதினொன்றேகாலுக்கு லெட்டர் டைப் ஆகி வந்துவிட்டது.

அவள் படிக்காமல் என்னிடம் நீட்டினாள். “இது உங்க வேலை.”

‘தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால் வாடிக்கையாளருக்கு நேர்ந்த சிறு அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்’ என்று இருந்தது. சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். ‘தவிர்க்க இயலாத’ போனது. ‘சிறு’ போனது. ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்பதை அடித்துவிட்டு, ‘எங்கள் பணிமனையில் பேட்டரிக்கு அடியில் விடப்பட்ட ஸ்பேனரால் பேட்டரி விரிசல் விட்டு’ என்று எழுதினேன். கீழே, ‘வாடிக்கையாளர் காரைப் பயன்படுத்திய முறையில் எந்தக் குறையும் இல்லை’ என்று ஒரு வரி சேர்த்தேன். இத்தனை வருடத்தில் என் பேனா இவ்வளவு ருசித்து ஓடியதே இல்லை. மேலாளர் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், வாசலில் நுழைகிற அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்தார். திருத்தியபடியே டைப் செய்து கையெழுத்துப் போட்டார்.

அவள் ஸ்பேனரை மேசைமேல் வைத்தாள். “இத அவர்கிட்டக் குடுத்துடுங்க. சம்பளத்துல பிடிச்சதையும் சேர்த்து.”

மாலை மூன்றரைக்கு மருத்துவமனை. அவள் மேலே போனாள், நான் கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தேன். நாலு ஆனது, நாலேகால் ஆனது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஓ.பி. வரிசையில் அவள் டோக்கன் கொடுப்பது மாதிரி மனசில் படம் வந்துகொண்டே இருந்தது. நாலரைக்குப் படியிறங்கி வந்தாள். முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, தியேட்டர் முகம்.

“என்னம்மா ஆச்சு?”

“மேட்ரன் லெட்டர ரெண்டு தடவை படிச்சாங்க. பதிவேட்ட எடுத்தாங்க. சிவப்புல எழுதினத சிவப்பாலயே அடிச்சுக் கையெழுத்துப் போட்டாங்க. அடுத்த மாசப் பட்டியல்லயும் என் பேர் இருக்கு.”

எனக்கு அங்கேயே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆஸ்பத்திரி வாசல் என்பதால் காரைத் தட்டிக்கொடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன், அவள் கையில் இரண்டு கார் சாவிகள் இருந்தன.

“இது யாரோடது?”

“மேட்ரனோடது. பேட்டரிய யாரு மாத்தினாங்கன்னு கேட்டாங்க. நான்தான்னேன். அப்புறம் டிராயரத் தொறந்து இதக் குடுத்தாங்க. அவங்க வண்டி காலைல மூணு தடவை இழுத்தாத்தான் கிளம்புதாம். டீலர் சொன்ன விலையக் கேட்டு அவங்களுக்கே பி.பி. ஏறிடுச்சாம்.” சொல்லும்போதே உதட்டோரத்தில் சிரிப்பு தப்பி வந்துவிட்டது. “சனிக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கேன். எண்ணுறதுக்கு எங்க வீட்டு ஆள் வருவாருன்னும் சொன்னேன்.”

இத்தனை வருடத்தில் அவள் என்னை எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு வேலைக்கு ஆள் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதுவும் மேட்ரனிடம்.

“ஆனா ஒண்ணு,” என்று விரலை நீட்டினாள். “கையில எது கிடைச்சாலும் வாயத் தொறந்து சொல்லணும்.”

“சரி சிஸ்டர்,” என்றேன்.